ஒரு பொதிக்கு எவ்வளவு நேரம்?

அசையாத எண்

முந்நூறு மெகாபிட் என்று சொல்லித்தான் ஃபைபர் லைன் தந்தார்கள். மாதா மாதம் பில்லும் அதற்குத்தான் வருகிறது. ஆனால் வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் 94. ளுஹர் நேரம் பார்த்தாலும் 94, ஊரே உறங்கும்போது தஹஜ்ஜுத்துக்கு எழும்பிப் பார்த்தாலும் 94. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரம் நெடுக ஃபைபர் எடுத்த வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் எழும்: மீதி எங்கே போனது?

"எங்கட பக்கம் சரியாத்தான் வருது காக்கா" என்பார் வந்து பார்க்கும் ரெக்னீஷியன். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. லைனில் நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு யூடியூப் ஓடும்போது விழும், சுபஹுக்கு முன் நிமிரும். எந்த நேரமும் ஒரே இடத்தில் நிற்கிற எண் நெரிசலைக் காட்டுவதில்லை. எங்கோ ஓர் உறுதியான எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அந்த எல்லை கொழும்பிலும் இல்லை, கடலடிக் கேபிளிலும் இல்லை. வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

அதைத் தேடிப் போகும்போது பலர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: கம்பனி தந்த ரவுட்டரை ஓரமாக வைத்துவிட்டு, கையடக்கமான ஒரு மினி பிசியை வாங்கி இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வைப்பது. அது வீட்டைக் காக்கும், வேகத்தையும் குறைக்காது. நல்ல யோசனைதான். ஆனால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய் நின்றாலும், சீனத்துக் கடைகளை இணையத்தில் மேய்ந்தாலும், கண்ணில் படுவதெல்லாம் கோர், கிகாஹேர்ட்ஸ், ஜிபி என்ற எண்கள்தாம். எந்த எண்ணுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நாலு வயர்

முதலில் 94. இணையத்தில் எதுவும் ஒரே நீளமாக ஓடுவதில்லை. படமானாலும் குரலானாலும் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மீதும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் ஒட்டப்பட்டுத்தான் போகிறது. இந்தத் துண்டைப் பொதி என்போம். வீட்டு வயரில் ஓடும் முழு அளவுப் பொதி ஒன்று, முன்னும் பின்னும் விடப்படும் இடைவெளியையும் சேர்த்து, 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதில் உங்களுக்கு வேண்டிய சரக்கு 1,448 பைட். மீதியெல்லாம் முகவரியும் உறையும். நூறு மெகாபிட் வயரில் இந்த விகிதத்தைப் போட்டால் வருவது 94.

ஆக, எங்கோ ஒரு போர்ட் நூறு மெகாபிட்டில் இயங்குகிறது. மலிவான ரவுட்டரிலும் சுவிட்சிலும் போர்ட்டே அவ்வளவுதான் இருக்கும். அதைவிடவும் வேடிக்கையான காரணம் வயர். நெட்வேர்க் கேபிளுக்குள் நான்கு சோடி, மொத்தம் எட்டு வயர். நூறு மெகாபிட்டுக்குச் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் போதும். நீலமும் கபிலமும் சும்மா கிடக்கும். அதனால் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு அறைக்கு லைன் கொடுக்கும் சிக்கனம் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இருந்தது. 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கோ எட்டு வயரும் வேண்டும். நீலத்திலோ கபிலத்திலோ ஒன்று அறுந்திருந்தாலும், கிளிப்பில் சரியாக உட்காராவிட்டாலும், இரு முனையிலும் உள்ள கருவிகள் தமக்குள் பேசி நூறுக்கு இறங்கிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது.

எந்தப் பெட்டியை வாங்குவதற்கும் முன்னால் கிளிப்பைக் கையில் எடுத்து எட்டு நிறமும் நுனிவரை வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் கதை இத்துடன் முடிந்துவிடும்.

கடப்படியில் ஒரு கொப்பி

கதை முடியாத வீடுகளுக்கு வருவோம். இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று, எந்தப் பொதியை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டுக்குத் தீச்சுவர் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் படித்திருப்பார்கள்.

கடப்படியில் ஒரு காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கொப்பி. வீட்டிலிருந்து யாராவது வெளியே ஒருவரைக் கூப்பிட்டால், யார், யாரை, எந்த இலக்கத்தில் கூப்பிட்டார் என்று எழுதிக்கொள்கிறார். வெளியிலிருந்து ஒருவர் வந்தால் கொப்பியைப் பார்க்கிறார். கூப்பிட்டவர்தான் என்றால் உள்ளே. பெயர் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல உடுப்போடு வந்தாலும் வெளியே. இந்தக் கொப்பிக்கு நிலை அட்டவணை என்று பெயர். இன்றைய தீச்சுவர்கள் பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

1988 நவம்பர் 2ஆம் திகதி மொரிஸ் புழு என்ற நிரல் இணையத்துக்குள் பரவி, அன்றிருந்த கணினிகளில் பத்தில் ஒன்றை முடக்கியதாக மதிப்பிட்டார்கள். கதவைத் திறந்துபோட்டுத் தூங்கும் காலம் அத்துடன் முடிந்தது. கம்பனி தரும் ரவுட்டருக்குள்ளும் இப்படி ஒரு காவலாளி இருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். அவரே போதுமான வீடுகள் நிறைய. சிக்கல் தொடங்குவது கமராவில்.

நம் பகுதியில் வீட்டுக்கு வீடு ஒருவர் கட்டாரிலோ டுபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். முற்றத்தையும் கடையையும் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று கமரா பூட்டுகிறார்கள். பூட்டுபவர் ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து, வெளியிலிருந்து வரும் எதையும் நேரே கமராப் பெட்டிக்கு அனுப்பும்படி வைத்துவிட்டுப் போவார். கடவுச்சொல் பெட்டியோடு வந்ததாகவே இருக்கும். 2016இல் மிராய் என்ற நிரல் தேடியது சரியாக இதைத்தான். தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு உலகமெங்கும் கமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அந்தப் படை டைன் என்ற நிறுவனத்தின் மீது பாய்ந்தபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. கமராக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மினி பிசியில் ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ், ஓபன்டபிள்யூஆர்டி போன்ற இலவசத் தீச்சுவர் மென்பொருள் ஒன்றைப் போட்டால் கமராக்களைத் தனிக் கிளையாகப் பிரித்துவிடலாம். அவை தம்முடைய பதிவுப் பெட்டியோடு மட்டும் பேசும், இணையத்துக்கு ஒரு பொதியும் போகாது. டோஹாவில் இருப்பவர் வயர்கார்ட் என்ற பூட்டிய சுரங்கம் வழியாக முதலில் வீட்டுக்குள் நுழைந்து, பிறகு கமராவைப் பார்ப்பார். ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டரில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரவுட்டருக்குக் கம்பனி தந்த முகவரி 100.64 தொடக்கம் 100.127 வரையான எண்களில் ஆரம்பித்தால், பல வீடுகள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கின்றன. வெளியிலிருந்து யாராலும் நேரே தட்ட முடியாது. வயர்கார்டாலும் முடியாது.

ஒரு செக்கனை வெட்டுவோம்

இனி கணக்கு. இந்தக் காவலாளி எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும்?

முந்நூறு மெகாபிட் என்றால் செக்கனுக்கு முப்பது கோடி பிட். முழு அளவுப் பொதி 1,538 பைட், அதாவது 12,304 பிட். வகுத்தால் செக்கனுக்கு 24,400 பொதிகள் அளவில் வரும். ஒரு பொதிக்கும் அடுத்த பொதிக்கும் நடுவே 41 மைக்ரோ செக்கன். மைக்ரோ செக்கன் என்பது செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

பொதிகள் ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. டவுன்லோட் நடக்கும்போது, "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று உங்கள் கருவி சின்னப் பொதிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பொதுவாக இரண்டு வந்தால் ஒன்று போகும். அதையும் சேர்த்தால் செக்கனுக்கு 36,600. பொதி ஒன்றுக்குக் காவலாளியிடம் உள்ள நேரம் 27 மைக்ரோ செக்கன்.

இது குறைவா, தாராளமா? மூன்று கிகாஹேர்ட்ஸ் புரொசசரின் இதயம் ஒரு செக்கனில் முந்நூறு கோடி தடவை துடிக்கிறது. 27 மைக்ரோ செக்கனில் எண்பதாயிரம் துடிப்பு. ஒரு பொதியை எடுத்து, முகவரி பார்த்து, அட்டவணையில் தேடி, அடுத்த போர்ட்டுக்குத் தள்ள வேண்டியது சில ஆயிரம் துடிப்புகள்தாம். மீதி நேரம் முழுவதும் காவலாளி கதிரையில் சாய்ந்திருப்பார்.

புரொசசரைவிட மெதுவானது நினைவகம். ராம் வரை ஒரு முறை போய்வர ஏறக்குறைய 100 நானோ செக்கன், அதாவது பத்தில் ஒரு மைக்ரோ செக்கன் ஆகும். நம்மிடம் உள்ள 27 மைக்ரோ செக்கனில் 270 தடவை போய்வரலாம். தேடல் ஒன்றுக்குச் சில தடவை போதும்.

கிகாபிட் லைனுக்கு இதே கணக்கைப் போட்டால் முழுப் பொதிகள் செக்கனுக்கு 81,000, பொதிக்கு 12 மைக்ரோ செக்கன். அதுவும் தாராளம். பொதிகளெல்லாம் மிகச் சிறியவையாக, அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவில் வந்தால்தான் நிலைமை தலைகீழாகும். இடைவெளியோடு சேர்த்து 84 பைட் பிடிக்கும் அந்தப் பொதிகள் கிகாபிட் வயரில் செக்கனுக்குப் பதினான்கு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம் ஓடும். ஒவ்வொன்றுக்கும் 0.67 மைக்ரோ செக்கன்தான் கிடைக்கும். ராமுக்கு ஆறு தடவை போய்வருவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். தாக்குதல் நடக்கும்போதோ, பெரிய நிறுவனங்களின் நடுவண் கருவிகளிலோ இந்த நிலை வரும். நிந்தவூரில் ஒரு வீட்டில் வராது. வட்ஸ்அப் குரல் போன்ற அழைப்புகளின் பொதிகள் சிறியவைதாம், ஆனால் வழமையாகச் செக்கனுக்கு ஐம்பதுதான் போகும். ஐம்பது!

பெட்டியின் அட்டையில் "ஒரு கிகாபிட் தீச்சுவர்" என்று எழுதியிருந்தால் எந்த அளவுப் பொதியை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். பெரிய பொதியை வைத்துத்தான் அளந்திருப்பார்கள். பெரிய பொதிதான் பெரிய எண்ணைத் தரும்.

இன்னொன்று. பொதிக்குள்ளே இருப்பதையும் திறந்து வாசித்துச் சந்தேகமானதைப் பிடிக்கும் சுரிகாட்டா, ஸ்னோர்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை இயக்கினால் பொதிக்கான செலவு பல மடங்காகும், மேலே போட்ட கணக்கும் செல்லாது. அவற்றுக்காகவே விலை கூடிய புரொசசர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் வீட்டுக்கு அது வீண். இன்று இணையத்தில் ஓடுவதில் பெரும்பகுதி பூட்டப்பட்டே வருகிறது. திறக்க முடியாத பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பதற்கு அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை.

டோஹாவின் குரல் ஏன் உடைகிறது?

அப்படியானால் கம்பனி ரவுட்டரே போதுமே, ஏன் மினி பிசி? நியாயமான கேள்வி. ரவுட்டருக்குள் இருக்கும் புரொசசர் மெலிந்தது. அதை மறைக்கப் பக்கத்திலேயே ஒரு விசேட சில்லு இருக்கும். அறிமுகமான பொதிகளைப் புரொசசருக்குக் காட்டாமல் அந்தச் சில்லே நேராகத் தள்ளிவிடும். அதனால்தான் சின்ன ரவுட்டரும் முந்நூறைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் நீங்கள் "ஒவ்வொரு பொதியையும் பார்த்து வரிசைப்படுத்து" என்று சொன்ன கணமே சில்லு விலகிக்கொள்ளும். பாரம் முழுவதும் மெலிந்த புரொசசரின் தலையில் விழும்.

வரிசைப்படுத்தல் எதற்கு? வாப்பா டோஹாவிலிருந்து வீடியோ கோலில் பேசிக்கொண்டிருக்கிறார். அதே நேரம் மகளின் போன், கலியாண வீட்டில் எடுத்த நானூறு படங்களையும் மேகத்துக்கு ஏற்றத் தொடங்குகிறது. அப்லோட் வேகம் பத்து மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரில் காத்திருப்பு இடம் ஒரு மெகாபைட், அதாவது எட்டு மெகாபிட். படங்கள் அதை நிரப்பிவிட்டால், பின்னால் வரும் குரல் பொதி முன்னால் உள்ள அத்தனையும் போய்த் தீரும் வரை நிற்க வேண்டும். எட்டைப் பத்தால் வகுத்தால் 0.8 செக்கன். ஒரு பக்கத் தாமதம் 0.15 செக்கனுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். 0.8 என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, கடைசியில் "ஹலோ, கேக்குதா?" என்பதுதான் மிச்சம். லைன் வேகத்தைக் கூட்டினால் குறையும், தீராது.

இதற்கு மருந்து 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேகப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பொதி எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்றே பார்க்கிறது. காத்திருப்பு எல்லை மீறினால் ஒன்றிரண்டைக் கைவிட்டு, அனுப்புபவரை மெதுவாக்குகிறது. அதன் வளர்ந்த வடிவம் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைக்கும். நானூறு படங்கள் ஒரு வரிசையிலும் வாப்பாவின் குரல் இன்னொரு வரிசையிலும் நிற்கும். மேலே சொன்ன மூன்று மென்பொருளிலும் இது இருக்கிறது. லைன் வேகத்தைவிட ஐந்து, பத்து வீதம் குறைவாக எல்லை வைத்தால், வரிசை கம்பனியின் கருவியில் சேராமல் நம் பெட்டியிலேயே சேரும், நம் விதிக்குக் கட்டுப்படும். மினி பிசி வாங்க என்னைக் கேட்டால் முதற் காரணம் இது. கமரா இரண்டாவது.

பெட்டிக்குள் எதைப் பார்ப்பது?

2023 தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 புரொசசர் இந்தச் சந்தையையே மாற்றிவிட்டது. நான்கு கோர், உச்ச வேகம் 3.4 கிகாஹேர்ட்ஸ், வடிவமைப்பு வெப்பம் ஆறு வாட். நம் கணக்குப்படி ஒரு வீட்டுக்கு இது மிஞ்சும். அதற்கு இரண்டு தலைமுறை முந்திய ஜே4125 கிகாபிட்டுக்குள் இன்னும் கைகொடுக்கும். பாவித்தது மலிவாகக் கிடைத்தால் விட வேண்டாம்.

கோர்களின் எண்ணிக்கையில் மயங்கக் கூடாது. பல நாடுகளில் ஃபைபர் லைன் பிபிபிஓஈ என்ற பழைய முறையில்தான் வருகிறது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவீர்களே, அது. ஓபிஎன்சென்ஸும் பிஎஃப்சென்ஸும் ஓடும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில், இந்த உறை சுற்றி உள்ளே வரும் பொதிகளைப் பல கோர்களுக்குப் பங்கிட நெட்வேர்க் சில்லுக்குத் தெரியாது. உறைக்குள் இருக்கும் முகவரி அதன் கண்ணில் படாது. எல்லாம் ஒரே கோரில் போய்ச் சேரும். எட்டு மெதுவான கோரைவிட இரண்டு வேகமான கோர் நல்லது என்பது இதனால்தான். 2025இல் பிஎஃப்சென்ஸ் இதற்கு வேகமான புதிய டிரைவரைக் கொண்டுவந்தது. முந்நூறு மெகாபிட்டில் இந்தச் சில்லறைக் கவலை யாருக்கும் வராது.

புரொசசரைவிட நெட்வேர்க் சில்லில்தான் கண் வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் சில்லுகளுக்கான டிரைவர்கள் நன்றாகத் தேறியவை. ரியல்டெக் சில்லுகள் லினக்ஸில் பேசாமல் ஓடும், ஃப்ரீபிஎஸ்டியில் சிலசமயம் அடம்பிடிக்கும். ஆகவே ரியல்டெக் பெட்டி கையில் இருந்தால் லினக்ஸில் எழுந்த ஓபன்டபிள்யூஆர்டியைப் போடுவது புத்தி. இன்டெலிலும் ஐ225 என்ற 2.5 கிகாபிட் சில்லின் முதற்பதிப்புகளில் பழுது இருந்தது. பின்னால் வந்த ஐ226 என்று கேட்டு வாங்குங்கள். போர்ட் இரண்டு இருந்தால் வேலை நடக்கும், நான்கு வசதி.

ராம்? நிலை அட்டவணையில் ஒரு வரி ஏறக்குறைய ஒரு கிலோபைட் பிடிக்கும். ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் சில ஆயிரம் வரிகள் இருந்தால் அதிகம். ஒரு இலட்சம் என்று வைத்தாலும் நூறு மெகாபைட்தான். நாலு ஜிபி போதும், எட்டு தாராளம், பதினாறு விற்கிறவருக்கு நல்லது.

உப்பு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியடியில் வீடு என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளாக மிதந்து வரும். யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற் பிணைச்சல் என்று எல்லாவற்றையும் தின்கிற அதே உப்புத்தான் கணினியையும் தின்னும்.

காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, தனியே இருந்தால் கெடுதி குறைவு. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் உப்புப் போத்தல் கசிவதைக் கண்டிருப்பீர்கள். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கரைந்த உப்புநீரோ நன்றாக மின்சாரம் கடத்தும். மினி பிசியின் பலகையில் இரண்டு செப்புத் தடங்களுக்கு இடையே அப்படியொரு துளி படர்ந்தால், ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கத்தில் படிந்து, அங்கிருந்து நூலிழையாய்த் திரும்பி வளரும். இரண்டும் தொட்டால் பலகை போச்சு.

விசிறி உள்ள பெட்டி என்ன செய்கிறது? இரவும் பகலும் நிறுத்தாமல் இந்தக் காற்றை உறிஞ்சிப் பலகை மீது ஊதுகிறது. கச்சான் காற்று வீசும்போது மணற்தூசியும் சேர்ந்துகொள்ளும். விசிறியில்லாத பெட்டியில் புரொசசரின் வெப்பம் அலுமினிய உடலுக்கு ஏறி, மேலே வரிவரியாய் இருக்கும் தகடுகள் வழியாக வெளியேறும். உள்ளே காற்று ஓடவே வேண்டியதில்லை. நம் கரைக்கு இது ஆடம்பரமல்ல. வேகம் இரட்டிப்பான விசிறிப் பெட்டியும் வேகம் பாதியான விசிறியற்ற பெட்டியும் ஒரே விலையில் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன்.

ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. அறை 33 பாகை இருக்கும் நாளில் பெட்டியின் உடல் ஐம்பதை நெருங்கலாம், கை வைத்தால் சுடும். புரொசசர் 105 பாகை வரை தாங்கும் என்பதால் அது பயப்பட வேண்டியதல்ல. மூடிய அலுமாரிக்குள் வைப்பதும் ஃபைபர் பெட்டியின் முதுகில் ஏற்றி வைப்பதும்தான் பிழை. சுவரில், தகடுகள் செங்குத்தாய் நிற்கும்படி பூட்டினால் சூடான காற்று தானாக மேலே எழும்பிப் போகும். மலிவுப் பெட்டிகளில் புரொசசருக்கும் மூடிக்கும் நடுவே இருக்கவேண்டிய வெப்பப் பசை சில வேளை ஓரத்தில் மட்டும் அப்பியிருக்கும். நாலு திருகாணியைக் கழற்றிப் பார்த்துப் பூசிவிடுவது அரைமணி வேலை. பாவிக்காத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பல்லியும் எறும்பும் உப்பைவிட வேகமாக வேலை செய்யும்.

இடியையும் சொல்லிவிட வேண்டும். ஃபைபர் கண்ணாடி, மின்னலைக் கடத்தாது. கூரைமேல் 4ஜி அன்டெனா வைத்து, அதிலிருந்து செப்புக் கேபிளை நேரே மினி பிசியில் குத்தியவர்களுக்குத்தான் ஒக்டோபர் மாத மாலைகள் ஆபத்து. நடுவே மின்பாய்ச்சல் தடுப்பான் ஒன்றும் அதற்கு நல்ல நிலத்தொடுப்பும் வேண்டும்.

கரண்ட்

தீச்சுவர் உறங்காது. வருடம் முழுக்க எரியும் மின்குமிழ் மாதிரி அதற்கும் பில் உண்டு. விசிறியற்ற என்100 பெட்டி சாதாரண வீட்டுப் பாவனையில் பத்து வாட்டைச் சுற்றி இழுக்கும். பத்து வாட், 24 மணித்தியாலம், 30 நாள்: 7.2 அலகு. மூலையில் கிடக்கும் பழைய டவர் கணினியைத் தூசிதட்டித் தீச்சுவராக்கலாமே என்று தோன்றும். அது ஐம்பது வாட் இழுத்தால் மாதம் 36 அலகு. இலங்கை மின்கட்டணம் படிப்படியாய் ஏறுவது. அறுபதுக்குள் நிற்கும் வீட்டை இந்த 36 அலகு அடுத்த படிக்குத் தூக்கிவிட்டால், தீச்சுவருக்கு மட்டுமல்லாமல் மற்றப் பாவனைக்கும் விலை ஏறும். இலவசக் கணினி காலப்போக்கில் புதுப்பெட்டியின் விலையைத் தின்றுவிடும்.

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் நாடு முழுவதும் சின்ன ரவுட்டர் யூபிஎஸ்கள் வீடுகளுக்குள் வந்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து தீவு முழுதும் இருண்டபோதும் கைகொடுத்தவை அவைதாம். அதே யூபிஎஸ்ஸில் மினி பிசியையும் பூட்டலாமா? இரண்டுக்கும் 12 வோல்ட்தான், பிளக்கும் சரியாகப் பொருந்தும். பொருந்துவதுதான் ஏமாற்று. ரவுட்டர் யூபிஎஸ் பல, ஓர் அம்பியர் அல்லது இரண்டுதான் தரும். ஓர் அம்பியர் என்றால் 12 வாட். மினி பிசி பத்து வாட்டில் ஓடினாலும், தொடங்கும் நேரத்தில் இருபதைத் தாண்டிப் பாயும். அந்தக் கணத்தில் யூபிஎஸ் கைவிட, பெட்டி அணைந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அணையும். பெட்டியோடு வந்த அடப்டரில் எழுதியிருக்கும் அம்பியரைப் பார்த்து அதற்கு ஈடான யூபிஎஸ் வாங்க வேண்டும். பெட்டி பத்து, ஃபைபர் கருவி ஐந்து, வைஃபை கருவி ஏழு என்று 22 வாட்டை, 12 வோல்ட் 7 அம்பியர் மணி பட்டறி ஒன்று தாளில் மூன்றே முக்கால் மணித்தியாலம் தாங்கும். கையில் இரண்டு, இரண்டரை என்று வையுங்கள்.

ஓபிஎன்சென்ஸையோ பிஎஃப்சென்ஸையோ நிறுவும்போது எந்தக் கோப்பமைப்பு என்று கேட்கும். ஜெட்எஃப்எஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அது பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் முந்தைய நிலை அப்படியே இருக்கும்.

கடைசியாக இரண்டு சின்ன விடயம், விற்பவர் யாரும் சொல்லாதவை. பயோஸ் அமைப்புக்குள் போய், கரண்ட் திரும்பினால் தானாக எழும்பும்படி வைக்க வேண்டும். பல பெட்டிகள் பொத்தானை அமுக்கும் வரை படுத்துக்கிடக்கும்படி வருகின்றன. வீட்டார் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் நேரத்தில் கரண்ட் போய்வந்தால், அவர்கள் திரும்பும் வரை கமராவும் இல்லை, டோஹாவும் இல்லை. அமைத்த பிறகு பிளக்கைப் பிடுங்கி, பத்துச் செக்கன் விட்டுக் குத்திப் பாருங்கள். இரண்டாவது, பலகையில் இருக்கும் நாணய அளவுப் பட்டறி. அது செத்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். நேரம் பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். லைன் இருக்கும், வெளிச்சம் எரியும், ஆனால் நேரம் சரியாகும் வரை மென்பொருள் புதுப்பிப்பு வராது. பாவித்த பெட்டி வாங்குகிறீர்கள் என்றால், மூடியைத் திறந்ததும் வெப்பப் பசைக்கு முன்னால் மாற்ற வேண்டியது அதைத்தான். எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.